விடுவித்தலும் விடுபடுதலும்

ஒரு விழாவின் தன்மையை அறிய வேண்டுமாயின், அவ்விழாவில் எது வாசிக்கப்படுகிறது என்பதை முதலிற் கவனித்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் ஜூன் 19 ஆம் நாளை அடிமைமுறை ஒழிந்த நாளாகக் கொண்டாடுகின்றனர். மாதத்தின் பெயரையும் தேதியையும் ஒரு சொல்லாக இணைத்து, 'ஜூன்டீன்த்' என அதற்குப் பெயரிட்டவர்களும் அவர்களே. டெக்சாஸ் மாநிலத்தில் அந்நாளில் வாசிக்கப்படும் ஆவணம் ஒன்றுண்டு. 1865 ஜூன் 19 இல், கல்வெஸ்டன் நகரில், வடபுலப் படைத் தளபதி கோர்டன் கிரேஞ்சர் வெளியிட்ட 3 ஆம் இலக்கப் பொதுக் கட்டளையே அது. வரலாற்றாசிரியர்க்கு அது சான்று. நாமோ அதனை ஓர் உரைநடைப் பகுதியாகக் கொண்டு விமர்சன நோக்கில் வாசிக்க விரும்புகிறோம்.

கட்டளை சில வாக்கியங்களே கொண்டது. அடிமைகள் அனைவரும் சுதந்திரர் என்று டெக்சாஸ் மக்களுக்கு அறிவிக்கப்படுகிறது. பழைய எசமானுக்கும் பழைய அடிமைக்கும் ஆள்சார் உரிமையிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் உண்டென்றும், அவர்களிடையே இதுவரை இருந்த தொடர்பு இனி வேலைகொள்வோனுக்கும் கூலியாளுக்கும் உள்ள தொடர்பாகும் என்றும் கூறப்படுகிறது. இத்துடன் முடிந்திருப்பின் நாம் குறைகூற அதிகம் இராது. ஆனால் இறுதிப் பகுதி வேறு குரலிற் பேசுகிறது. விடுபட்டோர் தத்தம் இருப்பிடங்களிலேயே அமைதியாயிருந்து கூலிக்கு உழைக்குமாறு புத்தி கூறப்படுகின்றனர். இராணுவ நிலையங்களில் அவர்கள் கூடலாகாது. சோம்பியிருப்போர்க்கு அங்கும் வேறெங்கும் ஆதரவு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்த ஒரு மக்கட் கூட்டத்தைப் பார்த்துச் சோம்பலைப்பற்றி எச்சரிக்கும் இவ்வாக்கியத்தின் வர்க்கக் குரலை விளக்க உரையாசிரியர் எவரும் தேவையில்லை.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. முதல் வாக்கியத்தில் 'டெக்சாஸ் மக்கள்' வேறு, 'அடிமைகள்' வேறு. அடிமைகளைப்பற்றி மக்களுக்குச் சொல்லப்படுகிறது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மனிதர் அந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. நமது மொழியில் 'விடுவித்தல்' பிறவினை, 'விடுபடுதல்' தன்வினை. கட்டளை முழுவதும் பிறவினை உலகத்தைச் சேர்ந்தது. விடுவிப்போன் ஒருவன் உளன். விடுவிக்கப்படுவோர் கேட்டு நிற்பர்.

இந்த நோக்கே விழாவைப்பற்றிய பிரபலமான கதையிலும் புகுந்துவிட்டது. ஜனாதிபதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. டெக்சாசுக்குச் 'செய்தி' இரண்டரை ஆண்டுகள் பிந்திச் சேர்ந்தது என்பது அக்கதை. பிந்தியது செய்தியன்று, அதிகாரமே. பிரகடனத்தை நிறைவேற்ற அங்கு வடபுலப் படை இல்லை. அதை நன்கறிந்த தோட்ட முதலாளிகள், போர் நெருங்கிய மாநிலங்களிலிருந்து தம் அடிமைகளை டெக்சாசுக்கு ஓட்டிச்சென்றனர். தகவற் குறைபாடாகக் கூறப்படுவது உண்மையில் சொத்துடைமையின் பிடிவாதமாகும்.

மறுபுறம், அடிமைகளும் வாளாவிருக்கவில்லை. அவர்கள் தோட்டங்களைவிட்டு வடபுலப் படைகளை நோக்கி ஓடியதை, டூ பொய்ஸ் 1935 இல் வெளியிட்ட தமது நூலில் 'பொது வேலைநிறுத்தம்' என்றே வருணித்தார். வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்ட கறுப்பினத்தவர் தொகை 1,80,000 அளவினது. இவர்களை மறந்துவிட்டுத் தளபதியின் கையொப்பத்தை மட்டும் போற்றுவது, நெல்லை மறந்து களஞ்சியத்தைப் போற்றுவதாகும்.

ஆனால் விழாவை உருவாக்கிய மக்கள் அந்த மறதிக்கு ஆளாகவில்லை என்பதே நமது கருத்து. 'இருந்த இடத்தில் இருங்கள்' என்றது கட்டளை. பலர் பிரிக்கப்பட்ட பெற்றோரையும் பிள்ளைகளையும் தேடி நடந்தனர். 'கூடாதீர்கள்' என்றது கட்டளை. அவர்கள் 1866 இலேயே அந்நாளைக் கொண்டாடக் கூடினர். அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டசபை ஒப்பந்தக் கூலிச் சட்டம், நாடோடித் தடைச் சட்டம் முதலியவற்றால் அவர்களை மீண்டும் வயலிற் பிணிக்க முயன்றது. 1872 இல் ஹூஸ்டன் நகரத்து முன்னாள் அடிமைகள் தம் சிறு சம்பாத்தியங்களைச் சேர்த்து, இவ்விழாவுக்கென்றே 10 ஏக்கர் நிலத்தை வாங்கி, 'விடுதலைப் பூங்கா' எனப் பெயரிட்டனர். நேற்றுவரை சொத்தாக எண்ணப்பட்டவர்கள் இன்று பொதுவில் நிலத்துக்கு உடைமையாளராயினர். கட்டளைக்கு இதனினும் சிறந்த விமர்சனத்தை எவரும் எழுதிவிட முடியாது.

இலக்கியத்திலும் இந்த விடயம் இடம்பெற்றுள்ளது. ரால்ஃப் எலிசன் நாற்பதாண்டு உழைத்தும் முடிக்காமல் 1994 இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற எழுத்துப்படிகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1999 இல் வெளிவந்த நாவலுக்கு இவ்விழாவின் பெயரே இடப்பட்டது. ஹிக்மன் என்னும் போதகர் விழாக் கூட்டத்தில் ஆற்றும் பிரசங்கம் அந்நாவலின் உச்சமாகும். பிரசங்கி சொல்ல, உடனிருக்கும் சிறுவன் வினவ, சபை எதிரொலிக்க, நாவும் பறையும் பறிக்கப்பட்ட ஓர் இனம் உலர்ந்த எலும்புகளிலிருந்து எழுந்து நிற்கிறது. கட்டளையிற் செயப்படுபொருளாய் நின்றவர்கள் இங்கு எழுவாயாகின்றனர். இஃது எலிசனின் பெரும் வெற்றி. எனினும் அவ்வெழுச்சி பெரிதும் ஆன்மாவின் எழுச்சியாகவே நின்றுவிடுகிறது. நிலமும் கூலியும் ஒப்பந்தமும் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றன. ஹூஸ்டன் மக்கள் பத்து ஏக்கரிற் கண்ட உண்மையை நாவலாசிரியர் முழுமையாகக் காணவில்லை என்றே சொல்லவேண்டும்.

இன்று விழா அரசின் கைக்கும் வந்துள்ளது. டெக்சாஸ் 1979 இற் சட்டமியற்றி, அடுத்த ஆண்டுமுதல் அதனை மாநில விடுமுறையாக்கியது. 2021 ஜூன் 17 இல் ஜனாதிபதி பைடன் தேசிய விடுமுறையாக்கினார். மறுவருடமே பெரும் வணிக நிறுவனமொன்று விழாப் பெயரில் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கி, எதிர்ப்பெழுந்ததும் மன்னிப்புக் கேட்டது. விடுமுறை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அது மக்கள் நெடுங்காலம் கோரிப் பெற்றது. ஆனால் 1865 டிசெம்பரில் நிறைவேறிய 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பைக் கொள்ள இடமளித்தது; இன்றும் அளிக்கிறது. அவ்விடைவெளியாற் கைதிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டனர். அத்தகையோருள் 95 பேரின் புதைகுழிகள் 2018 இல் டெக்சாசின் சுகர் லாண்ட் நகரிற் பாடசாலை கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டன. அம்மாநிலச் சிறைகளிற் பெரும்பாலான கைதிகள் இன்னும் கூலியின்றியே உழைக்கின்றனர்.

எனவே இவ்விழாவை அளக்கும் கோல் ஊர்வலத்தின் நீளமன்று. 1968 ஜூன் 19 இல், ஏழை மக்கள் இயக்கத்தின் சார்பில் வாஷிங்டனில் திரண்ட பல்லாயிரவர் வேலையும் உணவும் வீடும் கேட்டனர். அந்நாளின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டோர் அவர்களே என நாம் கருதுகிறோம். கட்டளை வாசிக்கப்படட்டும், இறுதி வாக்கியங்களை விழுங்காமல் முழுவதும் வாசிக்கப்படட்டும். வகுப்பறையில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், 'அடிமைகளை விடுவித்தவர் யார்?' என்ற வினாவோடு நின்றுவிடாமல், 'விடுபட்டவர்கள் அடுத்த நாள் எங்கே, யாருடைய நிலத்தில், என்ன கூலிக்கு வேலை செய்தார்கள்?' என்றும் மாணவரைக் கேட்பாராக.