எதிர் இருக்கையின் முகம்: நகரப் புகையிரதமும் ஒளிப்படக் கலையும்

நகரப் புகையிரதம், ஒருவரையொருவர் அறியாத மனிதர் எதிரெதிரே அமரும் இடமாகும். எனினும், எதிரே இருப்பவரை உற்று நோக்காதிருத்தலே அங்கு நாகரிகம் எனக் கொள்ளப்படுகின்றது. கமெராவுடன் அதிற் பிரயாணஞ் செய்பவர் அந்த நாகரிகத்தை மீறியே ஆகவேண்டும். ஆகவே, அவர் எடுக்கும் படங்களை ஒளி, நிழல், அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு மாத்திரம் மதிப்பிடுதல் போதாது. படமெடுத்தவர் எங்கே நின்றார், படத்திலுள்ளவர் அதை அறிந்திருந்தாரா என்னும் வினாக்களும் திறனாய்வுக்கு உரியனவே. இவ்வகையில் மூவருடைய ஆக்கங்கள் ஒப்புநோக்கத்தக்கவை.

முதலாமவர் வோக்கர் எவன்ஸ். இவர் 1938 தொடக்கம் 1941 வரை நியூயோர்க் நகரின் நிலக்கீழ்ப் புகையிரதங்களில் எதிரே இருந்தோரை அவர்கள் அறியாமற் படமெடுத்தார். 35 மி.மீ. கொன்டாக்ஸ் கமெராவின் பளபளக்கும் பகுதிகளுக்குக் கறுப்பு நிறம் பூசி, அதனை மேலங்கிக்குள் மறைத்து, பொத்தான்களின் இடைவெளியில் வில்லையை வைத்து, சட்டைக் கையினுள்ளே சென்ற வடம் ஒன்றினால் இயக்கினார். மின்னொளி இல்லை, கண்ணாற் பார்த்துச் சட்டத்தை அமைக்கும் வாய்ப்பும் இல்லை. கலைஞன் தன் கட்டுப்பாட்டிற் பெரும்பகுதியைத் தானே துறந்த நிலை இது.

இத்துறவின் பயன் முகங்களிற் புலனாகின்றது. படமெடுக்கப்படுவதை அறிந்தவர் தமக்கென ஒரு முகத்தைத் தயாரித்துக்கொள்வார். 1936 இல் எவன்ஸ் படமெடுத்த அலபாமாக் குத்தகை விவசாயிகள் கமெராவை நேராக நோக்கினர்; அந்நோக்கிலே வறுமைக்குப் பணியாத ஓர் இறுக்கம் இருந்தது. புகையிரதப் படங்களில் அத்தகைய தயாரிப்பு எதுவுமில்லை. தொப்பியணிந்த ஆண்களும், மேலங்கி போர்த்த பெண்களும், பத்திரிகை வாசிப்போரும், கண்ணயர்ந்தோரும் தத்தம் நினைவுகளில் ஆழ்ந்திருக்கின்றனர். வறியவர் மாத்திரம் காட்சிப்பொருளாக்கப்படவில்லை. ஐந்து சதக் கட்டணத்தில் ஏறிய எவரும் படத்துக்கு உரியவராகின்றார்.

எனினும், இச்சமத்துவம் களவினாற் பெறப்பட்டதென்பதை மறுத்தற்கில்லை. எவன்ஸ் தாமும் அதனை உணர்ந்திருந்தார் எனலாம். ஜேம்ஸ் ஏஜி 1940 இலேயே முன்னுரை எழுதிவிட்டபோதிலும், 89 படங்களைக் கொண்ட ‘அழைக்கப்பட்டோர் பலர்’ என்னும் நூல் 1966 இலேயே வெளிவந்தது. பிறர் அந்தரங்கத்தில் தலையிடுதல் பற்றிய தயக்கமும் இத்தாமதத்துக்கு ஒரு காரணமாகும். ஆயினும், காலம் அனுமதிக்கு ஈடாகுமா? கால் நூற்றாண்டு முகங்களை அடையாளம் மறையச் செய்யலாம். மறதியைச் சம்மதமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இரண்டாமவர் புறூஸ் டேவிட்சன். 1980 இல் அதே நகரின் புகையிரதங்களுக்குள் வண்ணப்படச் சுருளுடனும் மின்னொளியுடனும் இவர் புகுந்தார். சுவரெங்கும் கிறுக்கல்கள் படர்ந்து, குற்றச்செயல் பற்றிய அச்சம் நிலவிய காலம் அது. மின்னொளியை மறைத்தல் இயலாது. தாம் எடுத்த படங்களின் தொகுப்பொன்றை உடன் கொண்டுசென்ற அவர், அதனைப் பிரயாணிகளுக்குக் காட்டி, சிலரிடம் முன்னரும் சிலரிடம் பின்னரும் இசைவு பெற்றார். 1986 இல் நூலுருப்பெற்ற இப்படங்களில் எவன்ஸின் அமைதி இல்லை. பதிலாக, பார்க்கப்படுபவர் திருப்பிப் பார்க்கின்றார். படம் இருவருக்கிடையே நிகழ்ந்த சந்திப்பாகின்றது.

மூன்றாமவர் மைக்கேல் வூல்ஃப். ‘தோக்கியோ நெரிசல்’ என்னும் இவரது படவரிசை 2010 இல் நூலாக வெளிவந்தது. தோக்கியோவின் ஷிமோகிட்டசாவா நிலையத்தில், காலை வேளையில் வந்து நின்ற புகையிரதங்களை மேடையிலிருந்து இவர் படமெடுத்தார். ஈரம் படிந்த கண்ணாடியில் நெரிந்த கன்னங்கள், உள்ளங்கைகள், மூடிய இமைகள் என்பன சட்டத்தை நிறைக்கின்றன. மூவருள் வடிவச் செறிவு மிக்கவை இவருடைய படங்களே. உழைப்புக்குச் செல்லும் மனிதரை நகரம் எவ்வாறு பொதிசெய்கின்றது என்பதை அவை ஒரே பார்வையில் உணர்த்துகின்றன.

ஆயினும், ஐயத்துக்கு மிகவும் உரியவையும் இவையே. எவன்ஸின் பிரயாணி அறியாதவர். டேவிட்சனின் பிரயாணி பெரும்பாலும் அறிந்தவர். வூல்ஃபின் பிரயாணியோ அறிந்தும் விலக முடியாதவர். அவருள் சிலர் கையால் முகத்தை மறைக்கின்றனர். சிலர் கண்களை மூடிக்கொள்கின்றனர். அவர்களாற் கூடிய மறுப்பு அது ஒன்றே. அம்மறுப்பையே படம் தன் அழகாக்கிக் கொள்கின்றது. கொடுமை நகரத்தினுடையது, படமெடுத்தவருடையதன்று எனச் சிலர் வாதிடலாம். அதிலே உண்மை உண்டு. ஆனால், நெரிசலைக் கண்டிக்கும் கலை, அந்நெரிசல் கட்டிவைத்த மனிதரின் இயலாமையைத் தன் வசதியாகப் பயன்படுத்தும்போது, கண்டனத்தின் வலிமை குன்றுகின்றது. புகையிரதம் புறப்பட்ட பின்னரும் அவர் மேடையிலேயே நிற்கின்றார்.

எவன்ஸ் களவாகப் படமெடுத்தவர். ஆயினும் அதே கட்டணத்தைச் செலுத்தி, அதே மங்கிய ஒளியில், அதே குலுக்கலுக்கு உட்பட்டு இருந்தவர். எதிரே இருந்தவர் விரும்பின் அவரை உற்று நோக்கியிருக்கலாம். எழுந்து வேறிடம் சென்றிருக்கலாம். அவருடைய படங்கள் மேலோங்கி நிற்பதற்கு இச்சகபிரயாணமே அடிப்படை. அது அவர் பட்ட கடனைத் தீர்த்துவிடவில்லை. அக்கடனின் நினைவு அவரிடம் இருந்தது என்பதற்கு, நூலாக வெளியிடப்படாது கழிந்த கால் நூற்றாண்டு சான்றாகும்.