ஊளைக்கு மசியாத நரி

வேட்டையை ஓர் ஆட்டமாகக் கொண்டு அதன் உத்திகளை அலசுவோர், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நரிக்குறவர்களின் குரல்திறனைக் கடந்துசெல்ல இயலாது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் குறித்த தொகுதிகளில் குருவிக்காரர் என்று குறிக்கப்படும் இம்மக்கள், வலை விரித்து மறைந்திருந்து, நரியைப் போலவே ஊளையிட்டு அதை அருகே வரவழைத்தனர். ஊளை என்பது துணையை அழைக்கும் குரலாகவும் எல்லையை உணர்த்தும் அறிவிப்பாகவும் அமைவதால், தன் வாழிடத்தில் அயல் ஊளை கேட்கும் நரி அதை விரட்டுவதற்காகவேனும் முன்வரக்கூடும் என்பதே இவ்வுத்தியின் அடிப்படை.

ஒரே நிலத்தில் திரும்பத் திரும்ப வேட்டை நிகழும்போது இந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. வட அமெரிக்காவில் வாழும் நரியின் உறவினமான கயோட்டியை, காயம்பட்ட முயலின் அலறலை ஒலிபெருக்கியில் எழுப்பி வரவழைப்பது அங்குள்ள வேட்டைக்காரர் வழக்கம். ஆனால் ஒருமுறை தப்பிய கயோட்டி ஒலியை நோக்கி நேராக வராமல், காற்று தன்னை நோக்கி வீசும் பக்கமாகச் சுற்றிவந்து, மனித வாடை இல்லையென்று மோப்பத்தால் உறுதிசெய்த பின்னரே நெருங்குகிறது, அல்லது வராமலேயே இருந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டுமே ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றுவந்தும் அவ்விலங்கு பனாமா வரை பரவியிருப்பது, காதையும் மூக்கையும் நம்பி ஆடப்படும் இத்தற்காப்பு உள்ளிட்ட அதன் தகவமைப்புத் திறனுக்குச் சான்று.

விழுப்புரம், திண்டிவனம் அடங்கிய தென்னார்க்காட்டு நரிக்கு நெருக்கடி வேறு வகையினது. மனைகளாகும் புறம்போக்குகள், நெடுஞ்சாலை, தெருநாய்கள், இறைச்சிக்குள் பொதிந்து வைக்கப்படும் நாட்டுவெடி ஆகியவற்றுக்கு நடுவே அது பகலில் கரும்புக் கொல்லையிலும் சவுக்குத் தோப்பிலும் பதுங்கி, இரவில் மட்டுமே இரை தேடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, நரி உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதேபோல, சேலம் மாவட்டத்தின் வாழப்பாடிப் பகுதியில் பொங்கலையொட்டி நரியின் உறவினமான வங்காநரியை வலையில் பிடித்து வந்து ஓடவிடும் வங்காநரி ஜல்லிக்கட்டுக்காக வனத்துறை அபராதம் விதிப்பது முற்றிலும் சரியானதே. ஆட மறுக்கும் உரிமை ஒரு தரப்புக்கு இல்லாத இடத்தில் விளையாட்டு என்ற பெயருக்கு இடமில்லை.

அதற்காக அக்குரல்திறனும் அழிந்துபோக வேண்டியதில்லை. கிரீஸ், ஹங்கேரி போன்ற நாடுகளில் பதிவுசெய்த ஊளையை இரவில் ஒலிக்கச்செய்து, வரும் மறுமொழிகளைக் கொண்டு நரிக்கூட்டங்களைக் கணக்கிடுகின்றனர். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தை ஒட்டி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இத்தகைய கணக்கெடுப்பை நடத்தி, 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற நரிக்குறவர்களை அதற்கு ஊதியம் பெறும் கள வல்லுநர்களாக வனத்துறை அமர்த்த வேண்டும். அங்கும் ஓரிடத்தில் அடிக்கடி ஊளையிட்டால் நரிகள் பழகிப்போய் மறுமொழி தராமல் விட்டுவிடும் என்பதால், எப்போது குரல் கொடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கும்படி பணியை வகுப்பது நல்லது.