சிரிப்பு மூட்டிய நரசிம்மர்

சென்ற பங்குனியில் நாமக்கல்லை அடுத்த ஒரு கிராமத்தில் இரணியன் நாடகம் பார்த்தேன். இரவெல்லாம் நன்றாகவே நடந்தது. விடியும் சமயத்தில் தூண் பிளந்து நரசிம்மர் வந்தார். முன்வரிசைக் குழந்தைகள் கொல்லென்று சிரித்துவிட்டன!

குழந்தைகள்மேல் குற்றமில்லை. கடையில் வாங்கிய ரப்பர் சிங்கமுகம், உடம்பை ஒட்டிய மஞ்சள் பனியன், பிளாஸ்டிக் நகம். தலைக்குமேல் நாலு டியூப் லைட். கழுத்தில் குத்தியிருந்த ஊக்குவரை தெரிந்தது. அவ்வளவும் தெரிந்த பிறகு பயத்துக்கு ஏது இடம்?

பழைய கூத்துக்காரர்கள் இதை அறிந்தவர்கள். அவர்களுடைய கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்தவை. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும். பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் தேர்க்கடைப் பொம்மைதான். தீவட்டி வெளிச்சத்தில் அதுவே வேறு. சுடர் அசைய அசைய ஒவ்வொரு சில்லும் விழித்து மூடும். மனிதன் இரண்டு ஆள் அகலம் ஆகிவிடுவான். அந்த ஆசாரி மரத்தை மட்டும் செதுக்கவில்லை. இருட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டான்.

சங்கரதாஸ் சுவாமிகளைப் (1867–1922) பற்றி ஒரு கதை சொல்வார்கள். சனீஸ்வரன் வேஷம் கட்டி ஆடியவர், விடியுமுன் அதைக் கலைக்கக் குளத்தங்கரைக்குப் போனாராம். அங்கே வந்த ஒரு பெண் அவரைக் கண்ட திகிலில் உயிரை விட்டாள். அதன்பின் அவர் வேஷம் கட்டுவதையே விட்டு நாடகாசிரியராக நின்றுவிட்டாராம். யோசித்துப் பாருங்கள்: இரவு முழுதும் அதே வேஷத்தை ஊரே பார்த்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொன்றது மையும் சாயமும் அல்ல. அரைகுறை வெளிச்சமும் தனிமையுந்தான்.

நாடகம் முடிந்ததும் வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வெளிச்சத்தைக் குறைச்சா பின்னால உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாதுங்களே. காசு குடுத்த ஊரு கேக்காதுங்களா?"

நியாயமான கேள்வி. தீவட்டிக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பிரஹ்லாதன் பாடட்டும், எல்லாருக்கும் தெரியட்டும். தூண் பிளக்கும் அந்த ஐந்து நிமிஷம் மூன்று விளக்கை அணைத்தால் போதாதா?

நாமக்கல் மலைக் குடைவரையில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் இருக்கிறார். எட்டாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். தீபம் தூக்கும்போது முதலில் ஒரு கை, பிறகு ஒரு நகம், அப்புறந்தான் முகம். சிறு வயதில் அப்பாவின் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன். அந்தச் சிற்பிக்குத் தெரிந்தது நம் மேடைக்கு மறந்துவிட்டது.

மேடைக்கு மட்டுமா? என் பேய்க்கதை ஒன்றில் பேயின் பல்லையும் கூந்தலையும் ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருக்கிறேன். எழுதும்போது பிரமாதம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை எடுத்துப் படித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.