பாணர் கையில் உண்டியல்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய இரண்டு பாடல்கள் புறநானூற்றில் 152, 153 என அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் பாட்டில் புலவரோடு வந்த கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைப் பார்க்கிறது. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று கையில் இருந்த கருவிகளை எல்லாம் இசைத்து அவனைப் பாடுகிறார்கள். ‘கோ’ என்று விளித்ததும் அவன் நாணிப்போகிறான். அப்போது வேட்டையில் கிடைத்த மான்கறியையும் மதுவையும் தருகிறான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். அந்த வேட்டுவன்தான் ஓரி. இரண்டாம் பாட்டில் ஓரியின் கொடை பெற்ற பாணர் சுற்றம் பசி தீர்ந்து, ஆடுவதையும் பாடுவதையும்கூட மறந்துவிடுகிறது.

இந்தக் கொடையில் கொடுப்பவன் மலைக்குச் சொந்தக்காரன், பெறுபவர் பாடுகிறவர். இன்று நல்ல காரியத்துக்காக இசை என்று நம் முன் வருவதில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. அதிகம் அறியப்படாத இசைக்கலைஞர்கள் ஆளுக்கொரு பாட்டைத் தருகிறார்கள். அவற்றைத் தொகுத்து விற்கிறார்கள். வரும் தொகை குடிநீர் இல்லாத ஊருக்குக் கிணறு வெட்டவோ குழாய் போடவோ போகிறது. வாங்குகிறவருக்குப் புதுக்குரல்கள் அறிமுகமாகின்றன, நல்லது செய்த நிறைவும் கிடைக்கிறது. கேட்பதற்குக் குறையே இல்லாத ஏற்பாடு. ஆனால் கொடுத்தது யார்? பெரும்பாலும் வீட்டு வாடகைக்கே திண்டாடும் பாடகர்தான். ஓரியின் மலையில் பாணர்கள் உண்டியல் ஏந்தி நிற்பதைப் போன்ற இந்த ஏற்பாடு நீருக்கும் இசைக்கும் உண்மையில் என்ன தருகிறது என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பணம். கேட்பொலித் தளங்களில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் உரிமையாளருக்குப் போவது, உலகச் சராசரியில், அரை சென்ட்டுக்கும் குறைவு. இந்தியக் கேட்பு என்றால் இன்னும் குறைவு. அரை சென்ட் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டால் 500 டாலர். மலைமேல் பாறையைத் துளைத்து ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வைத்து, தொட்டி கட்ட அது காணாது. சுயாதீனப் பாடகர் ஒருவருக்கு ஒரு லட்சம் கேட்பு என்பதே பெரிய காரியம். போதாக்குறைக்கு, 12 மாதத்தில் 1,000 கேட்புகளைத் தொடாத பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகையே கிடையாது என்று ஸ்பாட்டிஃபை 2024இல் விதி கொண்டுவந்தது. புதிதாகக் கண்டெடுக்கப்பட வேண்டிய பாட்டுக்கு இந்த வழியில் வருமானம் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து யாருக்கு எதைக் கொடுப்பது?

நேரடி விற்பனை இதைவிட மேல். பேண்ட்கேம்ப் தளம் எண்வடிவ விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்குத் தருகிறது. 2020 மார்ச் 20ஆம் தேதி, பெருந்தொற்று தொடங்கிய வாரங்களில், தன் பங்கை ஒருநாள் முழுக்க விட்டுக்கொடுத்தது. பிறகு பல வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடர்ந்தது. அதே ஆண்டு ஜூனில் ஒருநாள் தன் பங்கை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சட்டப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தது. பாடகரின் தட்டில் கை வைக்காமல் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். தொகுப்பு போடுகிறவர்கள் எல்லோருக்கும் முன்னால் வைக்க வேண்டிய அளவுகோல் இதுதான்.

தமிழ்நாட்டில் நல்ல காரியத்துக்குப் பாடுவது புதிதல்ல. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி கச்சேரிகள் செய்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்கப் பள்ளி, மருத்துவமனை, கோயில் என்று அவர் பாடித் திரட்டிக் கொடுத்தது ஏராளம். 1974இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது இந்தப் பொதுத்தொண்டும் சேர்த்தே பேசப்பட்டது. அந்த முறை ஏன் வேலை செய்தது? கச்சேரி நடந்த அன்றே டிக்கெட் பணம் கைக்கு வந்தது. பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு தயாராக இருந்தது. பாடகியின் அடுப்பு அந்த ஒரு கச்சேரியை நம்பி எரியவில்லை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதே தியாகத்தை இளம் கலைஞரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சரியில்லாவிட்டால் எவ்வளவு பெரிய இசையும் தவிக்கும். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியே சான்று. நுழைவுக் கட்டணமாக வந்த ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெஃப் வழியாகச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகையோ, வரிவிலக்குக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத காரணத்தால், பல ஆண்டுகள் அமெரிக்க வரித்துறையில் முடங்கியது. உலகமே திரண்டு கேட்ட இசைக்கே இந்த நிலை.

பணம் போய்ச் சேர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. ஆப்பிரிக்காவின் 20 நாடுகளில் கைபம்புகளின் நிலையை 2009இல் தொகுத்தபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் வேலை செய்யாமல் கிடந்தது தெரிந்தது. தானமாகப் போட்டவர்கள் திறப்புவிழாவோடு போய்விட்டார்கள். வாஷர் தேய்ந்தபோது மாற்ற ஆள் இல்லை. தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். உலகம் முழுக்கப் போன இந்தியா மார்க் 2 கைபம்பு 1970களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில்தான் சோதிக்கப்பட்டது. சென்னைத் தொழிற்சாலையில்தான் தயாரானது. கூடவே ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு என்ற மூன்றடுக்கு ஏற்பாடும் இங்கே உருவானது. பம்பு ஓடியது இந்த ஏற்பாட்டால். பாட்டுத் தொகுப்பு விற்ற பணம் ஒருமுறை வரும். ஊருக்கு வேண்டியதோ மாதாமாதம் ஒருவருக்குச் சம்பளம்.

ஆக, பணம் திரட்டும் கருவியாக இசை பலவீனமானது என்பதே என் கணிப்பு. அப்படியானால் நீருக்கு இசை எதுவுமே செய்ய முடியாதா? இங்கேதான் தமிழ்நாட்டின் இரண்டு பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2015 ஜூலை இறுதியில் சென்னை ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. யூனிலீவர் குழுமத்தின் வெப்பமானித் தொழிற்சாலையால் பாதரசம் பரவியதைப் பற்றிய பாட்டு. 2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டு, தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் அன்று முதல் போராடிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சாலை இருந்த சரிவு பாம்பார்ச் சோலையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. மண்ணில் விழுந்த பாதரசம் தண்ணீரைத் தேடிப் போகும். பாட்டு வந்த சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இசையாகப் பார்த்தால் இது நிக்கி மினாஜின் ஒரு பிரபலப் பாட்டின் தாளத்தின்மேல் புதுச் சொல்லை ஏற்றியது. மூலத்தின் புகழ்தான் இதற்கு ஏணி. காரியத்தை உருவிவிட்டு வெறும் பாட்டாக ஒலிக்கவிட்டால் பத்தாண்டு கழித்துத் தேடிக் கேட்கும் பாட்டாக இது நிற்கவில்லை. இதைக் குறையென்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் குறி தெளிவாக இருந்தது. ஒரு நிறுவனம், ஓர் ஊர், ஒரு கோரிக்கை, பக்கத்திலேயே கையெழுத்திட ஒரு மனு. முக்கியமாக, பாட்டு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆவணமும் சாட்சியும் சேர்த்துவைத்த மக்கள் இருந்தார்கள். வென்றது அவர்கள், பாட்டு அவர்கள் குரலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. மண்ணைச் சுத்தப்படுத்தும் அளவுகோல் பற்றிய சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2018இல் அதே பாடகி இன்னொரு பாட்டோடு வரவேண்டியிருந்தது.

மற்றொன்று, 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதியதை டி.எம். கிருஷ்ணா பாடினார். எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் தெரிய, முகமூடி அணிந்து நின்ற உருவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனந்தபைரவி, பேகடை என்று தொடங்கிச் சிந்துபைரவி வரை ராகங்கள் மாறிக்கொண்டே போகின்றன. சொற்களோ சென்னைத் தெருப்பேச்சு. பேகடையின் நெளிவு அந்தப் பேச்சைத் தூக்கி அலங்கரிக்கவில்லை. பேச்சு போகிற வழியில் ராகம் வளைந்து கொடுக்கிறது. கழிமுகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கேட்டாலும் இது பாட்டாக நிற்கும். கச்சேரி மேடையிலும் நின்றது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எது என்று தெரியாமலே வளர்ந்த சென்னைவாசிகள் பலருக்கு அதைக் காட்டிக்கொடுத்ததும் இந்தப் பாட்டுதான்.

ஆனாலும் எண்ணூர் பிழைக்கவில்லை. சாம்பல் கழிவு தொடர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவி மீனவர்களின் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. இசையில் மேலான பாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் குறைவு. இசையில் தாழ்ந்ததற்குப் பலன் அதிகம். இது மனதுக்கு உவப்பான முடிவு அல்ல. ஆனால் உண்மை. எதிரே நின்றது ஒரே ஒரு நிறுவனமா, துறைமுகம், மின்வாரியம், அரசு என்று பல கைகளா என்பதும், கோரிக்கையோடு காத்திருந்தவர்களிடம் என்ன ஆவணம் இருந்தது என்பதுமே பலனைத் தீர்மானித்தன. இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. கேட்டவரிடம் எந்தப் பாட்டும் காசு கேட்கவில்லை. ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே பார் என்றது. இசையால் ஆவது அதுதான், அது சின்னக் காரியமும் அல்ல.

புகழ் வந்தால் கலைஞருக்கு எல்லாம் வந்துவிடும் என்பவர்களுக்கு ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைவூட்ட வேண்டும். 2021 மார்ச்சில் வந்து கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டு. நிலமற்ற முன்னோரின் வியர்வையைப் பாடியது. அந்தப் பாட்டிலிருந்து கலைஞர்கள் எவருக்கும் வருமானம் வரவில்லை என்று மூன்றாண்டு கழித்து, 2024 மார்ச்சில், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது என் வேலையல்ல. கணக்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாடகரின் பங்கே முதலில் காணாமல் போகிறது. அதே இருட்டில் கிணற்றுக்கான பங்கு மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

என் தீர்ப்பு இது. தண்ணீருக்காக விற்கப்படும் பாட்டுத் தொகுப்பு, தண்ணீர் தரும் வழியாகத் தேறாது. புதுக்குரல்களை அறிமுகம் செய்யும் வழியாக அரைகுறையாகத் தேறும். தொகுப்பில் பத்தொடு பதினொன்றாக வரும் பாட்டைக் கேட்பவர் அந்தக் கலைஞரை மறுபடி தேடிப் போனால்தான் அதுவும். பாடகருக்கு முன்னதாகக் கூலி கொடுத்துவிட்டு, தொகுப்பாளர் தன் பங்கிலிருந்து நன்கொடை தந்தால் ஆதரிக்கலாம். இலவசமாகப் பாடவைத்துத் தானம் செய்வது தானமாகாது.

கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் ஆகாய கங்கையைப் பார்த்துவிட்டு, இந்த மலையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று நினைப்பது இயல்பு. அருவியாக விழும் ஐயாறு கீழே போகிறது; மேலே குடிசைகள் நம்பியிருப்பது ஊற்றையும் ஓடையையும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது. மழைக்காலத்தில் மண் கரைந்து போகிறது, மண் போனால் ஊற்று சுருங்குகிறது. மின்வாரியத்தின் 20 மெகாவாட் நீர்மின் திட்டமும் இந்த ஓடைகளின் நீரை நம்பியதே. இப்படிப்பட்ட மலைக்கு வெளியூர்ப் பணத்தில் நாலு பம்பு போடுவதைவிட, ஊற்றின் மேற்சரிவில் என்ன நடக்கிறது என்று பலர் பார்க்கும்படி செய்வது பெரிய உதவி. அது பாட்டால் முடியும். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் நடவிலும் திருமணத்திலும் பாடுவதை வெளியுலகம் அதிகம் கேட்டதில்லை; சுயாதீன இசை என்று நாம் தேடுவது அங்கேயும் இருக்கிறது.

அதற்கு மேடையும் தயாராக இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மலர்க்கண்காட்சியும் வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஆடிப்பெருக்கு என்பதால் அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் ஐயாற்றில் முழுகவும் பெருங்கூட்டம் வருகிறது. பாணரைப் போற்றிய தலைவனின் விழாவும் தண்ணீருக்கு நன்றி சொல்லும் நாளும் ஒரே மலையில் சேர்ந்து வருகின்றன. அந்த மேடையில் மலைப் பாடகர்களும் ஊர் ஊராய்ப் பாடும் இளம் குழுக்களும் சம்பளத்துக்குப் பாடட்டும். அவர்கள் பங்கை அன்று மாலையே கையில் கொடுத்துவிட வேண்டும். வருகிறவர்களிடம் வாங்கும் வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பகுதி, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு போன்ற ஊராட்சிகளில் ஊற்றைக் காக்கும் ஆளின் மாதச் சம்பளத்துக்குப் போகட்டும். விழா முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் ஆகஸ்ட் 15 கிராமசபை வருகிறது. யாருக்கு எவ்வளவு போனது என்பதை அங்கே எழுந்து நின்று வாசிக்கலாம். அடுத்த மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராமசபையில், எந்த ஊற்றில் எத்தனை மாதம் நீர் நின்றது என்பதையும் அதே நோட்டில் சேர்த்து எழுதலாம்.