சுவரில் ஒரு வனம்

நோயாளர் அறைச் சுவர்களில் காட்டைத் தீட்டுவோர், 1984இல் உல்ரிச் வெளியிட்ட ஆய்வைச் சான்றுகாட்டுவர். பித்தப்பை அறுவைக்குப்பின் சன்னல்வழி மரங்களைக் கண்டோர், செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைந்து வீடு திரும்பினர் என்பது அதன் முடிவு. அவை உயிருள்ள மரங்கள் என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர்!

எனினும், தீட்டிய மரம் வீணென்று நாம் சொல்லோம். உரோமைக்கு அருகே, அகுஸ்து சீசரின் மனைவி லிவியாவின் மாளிகையில், பாதி நிலத்துள் புதைந்த சன்னலற்ற அறையொன்று 1863இல் கண்டெடுக்கப்பட்டது. நாற்புறமும் தோப்பு, மூலைகளிலும் அது அறுபடவில்லை. வெவ்வேறு பருவத்து மலரும் கனியும் ஒருங்கே நிற்கின்றன. பறவைகள் உண்டு, மனிதர் எவருமிலர். தாழ்ந்த வேலிக்கு அப்பால் இலைகள் காற்றில் சாய்கின்றன. அமர்ந்திருப்போரைச் சூழ்ந்துகொள்ளும் ஓவியம் அது.

அண்மையில் மருத்துவமனையொன்றில் முதியவர் ஒருவரைக் காணச் சென்றோம். மூங்கிலும் மானுமாக அழகிய காடு, தீட்டியவர் கைதேர்ந்தவரே. ஆனால் காடு இருந்தது கட்டிலின் தலைமாட்டில். வந்து நிற்கும் நாம் அதைக் கண்டோம். படுத்திருந்தவரோ எதிரே வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலியரின் இசைவோடு கட்டிலைத் திருப்பிப் போட்டோம். “மான் இருக்கிறதா, சாமி?” என்றார்.