கொத்தனார் கட்டிய ஆங்கிலம்

பியெத்ரோ தி தொனாத்தோவின் 'கிறைஸ்ட் இன் கான்கிரீட்' நாவலை (1939) இலக்கணச் சுத்தம் பார்க்கிற வாத்தியாரிடம் கொடுத்தால் முதல் சில பக்கங்களிலேயே சிவப்பு மை தீர்ந்துவிடும். சொற்கள் ஆங்கிலம், பேச்சு மட்டும் இத்தாலியின் அப்ருஸ்ஸோ பக்கத்துப் பேச்சு. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

ஆசிரியரின் அப்பா தொமெனிக்கோ, வாஸ்தோ ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன கொத்தனார். 1923 புனித வெள்ளியன்று கட்டடம் இடிந்து செத்துப்போனார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான பியெத்ரோ விவரம் தெரியும் முன்பே கரணையைக் கையில் எடுத்தார். நாவல் ஏறக்குறைய இந்தக் கதைதான்; அதில் அப்பாவின் பெயர் ஜெரேமியோ.

கட்டட வேலையை ஆசிரியர் 'ஜாப்' என்று, ஆள் பெயர்போலப் பெரிய எழுத்தில் எழுதுகிறார். அது கூப்பிடும், மிரட்டும், விழுங்கும். வேலையாட்களுக்கோ மூக்கன், பீப்பாய் வாயன் என்று நம்மூர்ச் சித்தாள்கள் வைப்பது மாதிரியான பட்டப்பெயர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசும்போது கேலியும் ஆபாசமும் பழமொழியுமாகக் கொட்டுகிறது. கவிதை என்றே சொல்லலாம். ஜெரேமியோவின் குடும்பம் இழப்பீட்டு அலுவலகத்தில் போய் நிற்கும்போது பாருங்கள்: அதிகாரிகளின் ஆங்கிலம் வழுவழுவென்று, ஈரமே இல்லாமல் ஓடுகிறது, விதவை அனுன்சியாத்தா வாயடைத்து நிற்கிறாள். ஒரே நாவலுக்குள் இரண்டு ஆங்கிலம். எது உயிருள்ளது என்று ஆசிரியர் வாதாடுவதில்லை, காதில் விழ வைக்கிறார்.

ஜெரேமியோ சாகும் பக்கங்கள்தான் உச்சம். கான்கிரீட் உடம்பைச் சுற்றி இறுக இறுக வாக்கியங்கள் நொறுங்குகின்றன. ஜெபம், மனைவி, பிள்ளைகள் எல்லாம் மூச்சுத் திணறலோடு கலந்து வருகின்றன.

பின்பாதியில் உணர்ச்சி அளவுக்கு மீறிப் பொங்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆவியோடு பேசும் காட்சியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆனால் உதவி கேட்டு வந்த சிறுவனின் கையில் பாதிரியார் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்தனுப்பும் இடம் அற்புதம். கோபத்தை ஒரு வரியிலும் சொல்லாமலே எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவின் 'புக் ஆஃப் த மந்த் கிளப்' நாவல் வெளியான ஆண்டில் ஸ்டைன்பெக்கின் புகழ்பெற்ற நாவலை விட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுத்தது. தி தொனாத்தோவின் பிந்தைய புத்தகங்கள் எதுவும் இந்த உயரத்தைத் தொடவில்லை. முழு நாவலுக்கு நேரமில்லாதவர்கள் முதல் அத்தியாயத்தை மட்டுமாவது வாசிக்கலாம். 1937-இல் 'எஸ்கொயர்' இதழில் தனிச் சிறுகதையாக வந்தது அதுதான். வாய்விட்டு வாசிப்பது உத்தமம்.