கணமும் காலமும்: தெருவோரப் படக்கலை பயில்வார்க்குப் புத்தளக் கரை தரும் பாடம்

புகைப்படக் கலையின் துறைகளுள் தெருவோரப் படப்பிடிப்பு எளிதிற் கைவருவது போலத் தோன்றி அரிதிற் கைவருவதாகும். படப்பிடிப்புக் கூடத்திலே ஒளியை விரும்பியவாறு அமைக்கலாம். தெருவிலோ ஒளியும் மாந்தரும் கமராக்காரனின் ஏவலுக்கு அமைவதில்லை. ஆதலின், ஏற்ற கணத்தைத் தப்பவிடாது பற்றுக என்பதே பயில்வோனுக்கு முதற்கண் கற்பிக்கப்பெறும் பாடம். மாறிவரும் ஓர் ஊரின் தெருவுக்கு அப்பாடம் ஒன்றே போதுமா என்பது ஆராயத்தக்கது.

கணத்தைப் போற்றுங் கொள்கைக்குப் பெயர்பெற்றவர் பிரெஞ்சுக் கலைஞர் கார்ட்டியே பிரெசோன். 1952ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் ஆங்கிலப் பெயர் ‘தீர்க்கமான கணம்’ எனப் பொருள்படும். பிரெஞ்சுப் பெயரோ, உரிமைச்சீட்டின்றித் தெருவிலே பண்டம் விற்போர் காவலரைக் கண்டதும் மூட்டை கட்டும் பரபரப்பை நினைவூட்டுவது. ஆங்கிலப் பெயர் கலைக்குப் பெருமை கூட்டுகின்றது. பிரெஞ்சுப் பெயர் அக்கலையில் விரவிக் கிடக்குங் கள்ளத்தையும் ஒளியாது உரைக்கின்றது. பிறர் முகத்தை அவர் அறியாது எடுத்துச் செல்வதில் ஒரு கடன் உண்டு என்பதைப் பயில்வோர் பலர் முதற்பெயரின் மயக்கத்தில் மறந்துவிடுகின்றனர்.

கணமுங்கூடக் காத்திருந்தோர்க்கே வாய்ப்பதாகும். 1893இல் நியூயோர்க் நகரின் ஐந்தாம் பெருந்தெருவிலே பனிப்புயலிடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்று ஒரு குதிரை வண்டியைப் படமாக்கினார் ஸ்டீக்லிட்ஸ். 1924இல் அவர்தம் படங்களைப் பொஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலை ஏற்றுக்கொள்ளச் செய்தவர் ஈழம் ஈன்ற ஆனந்த குமாரசுவாமி என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. பொறியினாற் பிறந்த படமும் கலையாகும் என்பதை மரபுக் கலையின் மாண்பை நிலைநாட்டிய அறிஞரே ஏற்றார்.

ஆயினும் மூன்று மணி நேரக் காத்திருப்பு ஒரு தெருவின் மாற்றத்தைக் காட்டமாட்டாது. அதற்குப் பாரிசின் அத்ஜே என்பாரை நாடல் வேண்டும். 1857இற் பிறந்து 1927இல் மறைந்த அவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கனத்த கமராவையுங் கண்ணாடித் தகடுகளையுஞ் சுமந்து பழம்பாரிசின் சந்துகளையுங் கடை முகப்புகளையும் படமாக்கினார். தம் படங்களை அவர் கலையென்று கூறாது ஆவணங்கள் என்றே கூறி விற்றார். சில இடங்களுக்கு ஆண்டுகள் கழித்தும் மீண்டு சென்றார். அவர் மறைவுக்குப்பின் அவரது தொகுதியைக் காத்த பெரனிஸ் அபொட் அம்மையார், அவ்வழியைப் பின்பற்றி, மாறும் நியூயோர்க்கைப் பற்றிய நூலை 1939இல் வெளியிட்டார். மீண்டு செல்லுதலே இவ்விருவர் கலையின் உயிர்நிலை எனலாம்.

இனிப் புத்தளத்தை நோக்கலாம். உப்பளங்களும் களப்பும் சூழ்ந்த இவ்வூர் வருவோரைக் கண்டு பழகிய துறை. 1344இல் இபுன் பதூதா இக்கரையிலேயே வந்திறங்கினார். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர்; அவருட் பெரும்பாலோர் புத்தளத்திலுங் கற்பிட்டிக் குடாநாட்டிலும் அடைக்கலம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்வீடுகளாயின. உலக வங்கியின் உதவியோடு ஒரு வீடமைப்புத் திட்டமும் 2007இல் தொடங்கிற்று. 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்க, அதன் புகைபோக்கி கரையின் தொடுவானத்தையே மாற்றியது.

இத்தகைய ஊரில் ஒரு கணத்தை மட்டும் பற்றும் படம் உண்மையாயினும் பிழைபடலாம். கொட்டிலின் வாயிலில் நிற்குஞ் சிறுமியின் படம் 1991இல் எடுக்கப்பட்டதாயின் அது மெய்யே. அதே படம் ஆண்டுங் குறியாது, பெயருங் கூறாது முப்பது ஆண்டுகள் சுற்றிவருமாயின், அவள் என்றும் அகதியாகவே நின்றுவிடுகின்றாள். அவள் மணந்ததும், வீடு கட்டியதும், தன் மக்களைப் பள்ளிக்கு அனுப்பியதும் அப்படத்தில் இல்லை. ஒருமுறை ஊரிழந்தவரை மறுமுறை காலம் இழக்கச் செய்வது கலையின் பணியன்று.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. உடப்பிலே அம்பாப் பாடிக் கரைவலை இழுக்குந் தமிழ் மீனவரைக் காலத்தால் மாறாத ஓவியமாகக் காட்டவே கமரா விழைகின்றது. ஈழத்துப் படக்கலையின் முதல்வரெனத்தகும் லயனல் வெண்ட் 1944இல் மறைந்தபின், 1950இல் வெளிவந்த அவரது படநூலிலும் இவ்விழைவின் சாயல் உண்டு. உடலின் வனப்பையும் ஒளிநிழலின் ஒழுங்கையும் அவர்போற் கண்டார் சிலரே. ஆயினும் அவ்வனப்பில் ஆண்டுக்கு இடமில்லை. அவரது மூலத் தகடுகள் அவர் மறைவுக்குப்பின் அழிக்கப்பட்டமை, படத்தை எடுத்தலினுங் காத்தல் அரிது என்பதற்குச் சான்று.

மீண்டுமீண்டுஞ் செல்லின் தெரு பழகிப்போய் வியப்பு மாயும் என்பர் சிலர். அற்றன்று. பழகாத கண்ணுக்குப் புதுமை ஒன்றே புலப்படும். எது புதிது, எது பழைது என்று பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கே கூடும். நேற்றுவரை வேலி நின்ற இடத்தில் இன்று மதில் எழுந்ததை முதல்முறை வந்தோன் எவ்வாறு காண்பான்? மேலும், மீண்டு வருவோனைத் தெருவார் அறிவர்; அறிந்தவன் முன் மறுக்கவும் இசையவும் அவர்க்கு உரிமை பிறக்கின்றது. பிரெஞ்சுப் பெயர் சுட்டிய கள்ளம் அவ்விசைவினாலேயே நீங்கும்.

கைத்தொலைபேசியிலேயே கமரா அமைந்துவிட்ட இக்காலத்து மாணாக்கனுக்குப் படச்சுருளின் செலவில்லை. ஆயினும் பொறுமையின் செலவு குறைந்திலது. ஒரு தெருமுனையைத் தெரிந்தெடுத்து, மாதந்தோறும் அங்கே நின்று, இசைவு பெற்றுப் படம் எடுத்து, இடமும் நாளும் ஒவ்வொன்றிலும் எழுதி, ஒரு படியை அத்தெருவார்க்கே கொடுப்பானாயின், அவன் கற்பது கலை மட்டுமன்று. கணத்தைப் பற்றுதல் கண்ணின் திறன். காலத்துக்குக் கடன்பட்டு நிற்றல் நெஞ்சின் திறன். மாறும் ஊருக்கு இரண்டும் வேண்டும். முன்னையது விரைவில் வரும், பின்னையது மீண்டு செல்வோர்க்கே வரும்.